காலியாக இருக்க வேண்டிய அணை

திருவனந்தபுரத்துக்குக் குடிநீர் தரும் அருவிக்கரை அணையில் ஷட்டர் உயர்த்தப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் கரமனை ஆற்றங்கரையில் பலரும் சாமான்களைத் தூக்கி உயரத்தில் வைக்கத் தொடங்குவார்கள். நகரின் கோட்டைப் பகுதியை ஒட்டிய ஸ்ரீவராகத்திலும் அன்று அதே பேச்சுதான். அணை இருந்தும் ஏன் வெள்ளம்?

அது வெள்ளத்துக்காகக் கட்டிய அணையே அல்ல. 1933-இல் திருவனந்தபுரத்துக்குக் குழாய்க் குடிநீர் தந்த வில்லிங்டன் திட்டத்துக்காக எழுந்தது. குடிநீர் அணை எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த அணைக்கு வரும் வெள்ளம் வந்தபடியே கீழே போகும். போதாததற்கு வண்டலும் இடத்தைத் தின்றுவிட்டது. மேலே இருக்கும் பேப்பாறை (1983) பெரிய அணை, ஆனால் அதுவும் குடிநீருக்காகவே கட்டப்பட்டது.

வெள்ளத்தைத் தடுக்கும் சிற்றணைக்கு இதற்கு நேரெதிரான குணம் வேண்டும். அடியில் ஷட்டரே இல்லாத ஒரு திறப்பு. சாதாரண நாளில் ஓடை அதன்வழியே தடையின்றிப் போய்விடும். மலையில் கொட்டித் தீர்த்து, மூன்று மணி நேரம் நொடிக்கு 100 கன மீட்டர் வருகிறது, திறப்பில் சராசரியாக 40தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் சுமார் 6.5 லட்சம் கன மீட்டர் அணைக்குப் பின்னால் தேங்கி, மழை விட்டபின் நாலரை மணி நேரத்தில் வடிந்துவிடும். மொத்த நீரில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் கீழே இருப்பவர்கள் பார்ப்பது 40 மட்டுமே. இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு: திறப்புக்கு மேல் நீர்மட்டம் இரண்டு மடங்கானாலும் அதன்வழி ஓட்டம் ஏறக்குறைய 1.4 மடங்குதான் ஆகும். நடுராத்திரியில் யாரும் ஷட்டரைத் திருக வேண்டியதில்லை. அதையும் மீறி வந்தால், நம் ஏரிகளில் இருப்பதுபோல் மேலே ஒரு கலிங்கு.

அமெரிக்காவின் ஒஹாயோவில் 1913 மார்ச் வெள்ளம் டேட்டன் நகரை மூழ்கடித்தது. பொறியாளர் ஆர்தர் மார்கன் அந்த வெள்ளத்தைவிட 40 சதவீதம் கூடுதலாக வந்தாலும் தாங்கும்படி இதே வகையில் ஐந்து மண் அணைகளை வடிவமைத்தார். 1922-இல் முடிந்த அவை இன்றும் வேலை செய்கின்றன. வெள்ளமில்லாத நாள்களில் அணைக்குப் பின்னால் விவசாயம் நடக்கிறது.

கேரளத்தில் அப்படி நிலத்தை வெள்ளத்துக்காக விட்டுவைப்பது எளிதல்ல. முல்லைப்பெரியாறு விவகாரத்தில் நாம் கேட்டுப் பழகிய 'ரூல் கர்வ்' ஒரு சமரசம்: மழைக்காலத்தில் அணையில் கொஞ்சம் இடத்தைக் காலியாக வைப்பது. ஆனால் நெடுமங்காடு பக்கமிருந்து வரும் கிள்ளி ஆறு அருவிக்கரைக்குக் கீழேதான் கரமனையில் சேர்கிறது. அருவிக்கரையில் எத்தனை இடம் விட்டாலும் அந்த வெள்ளத்தை அது தொடாது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அதன் ஓடைகளிலேயே சிற்றணைகள் வேண்டும். கட்டினாலும், மழைக்கு முன் குப்பையும் மரக்கிளையும் அகற்றாவிட்டால் திறப்பு அடைத்து, காலி அணை குளமாகிவிடும்.