ஊதச் சொன்னால் என் செய்வது?

திருமண விருந்துகளும் ஊர்த் திருவிழாக்களும் மலியும் மாதங்களில், இரவு பத்து மணிக்கு மேல் சாலைச் சந்திகளில் காவலர்கள் கையில் கருவியுடன் நிற்பதை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, குழாயில் ஊதச் சொல்லுகிறார்கள். குடித்தவனும் நடுங்குகிறான், குடியாதவனும் நடுங்குகிறான். இருவருக்குமே சட்டம் சில காவல்களை வைத்திருக்கிறது. இதைச் சொன்னால், சாமியார் குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று தாய்மார் சிலர் முணுமுணுக்கக்கூடும். நள்ளிரவாகியும் கணவன் வீடு திரும்பாமல், எங்கே போய்க் கேட்பது, யாரைக் கேட்பது என்று அறியாமல் வாசலில் நிற்பவளும் அந்தத் தாயேயன்றோ? அவளுக்காகவும் இதை எழுதுகிறோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவில், மதுவைப் பற்றிய குற்றத்திற்கு ஓர் அளவு குறித்திருக்கிறது: 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேற்பட்ட ஆல்கஹால். வாய் நாற்றமும் கண் சிவப்பும் ஐயத்திற்கு இடந்தரலாம். இப்பிரிவு கேட்பதோ அளவை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையாயின் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். நாட்கூலி வாங்கும் குடும்பத்தில் இத்தொகை எத்தனை நாள் அடுப்பை அணைக்கும் என்பதை இல்லத்தரசிகளே கணக்கிடட்டும்.

இக்குற்றத்தைச் சாலையிலேயே இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லை. தண்டனை விதிப்பது நீதிமன்றமே. ஆதலால், "ஏதாவது கொடுத்துவிட்டுப் போ" என்று எவரேனும் கூறினால் அது சட்டத்தின் குரலன்று. நாமாக நீட்டுவதும் குற்றமே.

ஊத மறுக்கலாமா? பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான ஐயம் இருந்தால், சீருடையணிந்த காவல் அதிகாரி மூச்சு மாதிரி கேட்கலாம் என்கிறது 203-ஆம் பிரிவு. மறுப்பவர் குடித்திருப்பதாக ஐயுறக் காரணமிருந்தால், பிடியாணையின்றிக் கைது செய்யலாம். தக்க காரணமில்லாத மறுப்பை வழக்கிற்கு வலுவூட்டும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்று 205-ஆம் பிரிவு கூறுகிறது. தனக்கெதிராகச் சாட்சியாகும்படி குற்றஞ்சாட்டப்பட்டவரை வற்புறுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20-ஆம் விதியைச் சிலர் சுட்டுவர். கைரேகையும் கையெழுத்து மாதிரியும் அவ்விதிக்குள் வாரா என உச்ச நீதிமன்றம் 1961-லேயே தீர்ப்பளித்துவிட்டது. மூச்சுக்கு மட்டும் தனிச் சலுகை கிடைக்குமென நம்பி அடம்பிடிப்பது அறிவுடைமையாகாது என்பதே நம் கருத்து.

ஆனால் கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கன்று. சில இருமல் மருந்துகளிலும், வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் ஆல்கஹால் உண்டு. அது வாயிலேயே தங்கி, அளவைக் கூட்டிக் காட்டும். கால் மணி நேரத்தில் பெரும்பாலும் அகன்றுவிடும். (திருப்பலி முடித்த கையோடு அடுத்த கிளைப் பங்கிற்கு மோட்டார் சைக்கிளில் விரையும் நம் இளங்குருக்களும் இதைக் கருத்தில் கொள்வாராக!) அத்தகைய நிலையில், உட்கொண்டதைப் பணிவோடு சொல்லி, சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊத வாய்ப்புக் கேட்கலாம். கைதானவருக்குக் காவல் நிலையத்திலும் ஊத வாய்ப்பளிக்க வேண்டுமென்பது சட்டம். இரத்தப் பரிசோதனை அதனினும் உறுதியானது.

கைது செய்துவிட்டார்கள் என்று கொள்வோம். 202-ஆம் பிரிவின்படி இரண்டு மணி நேரத்திற்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடந்தாக வேண்டும். நடக்கவில்லையேல் அவரைக் காவலிலிருந்து விடுவித்தாக வேண்டும். ஆகவே கைதான நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்ணொருவரிடம் ஆண் மருத்துவர் இரத்தம் எடுப்பதாயின், மற்றொரு பெண் அருகில் இருத்தல் வேண்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியிடம், சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு அறிவியாமலோ அவர் தடை கூறும்போதோ மூச்சு மாதிரி கேட்கலாகாது.

காரணத்தைத் தெரிவித்தல், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடுதல், 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்துதல் ஆகியவை அரசியலமைப்பின் 22-ஆம் விதி தரும் உரிமைகள். டி. கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் சிலவற்றை விதித்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். நேரமும் நாளும் குறித்த கைதுக் குறிப்பில் சாட்சி ஒருவர் ஒப்பமிட வேண்டும். உறவினர் ஒருவருக்குச் செய்தி போக வேண்டும். வாசலில் காத்திருப்பவளுக்கு இது எத்துணை ஆறுதல்! மேலும், இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். ஜாமீன் கேட்பது கெஞ்சுதலன்று, உரிமை. காவலில் இருப்பவர் எவருக்கும் இலவசச் சட்ட உதவியுண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள். ஆனால் இக்குற்றத்திற்காகத் தரப்படும் சீட்டைக் காட்டி வண்டி ஓட்ட இயலாது. பின்னால் அமர்ந்து வருபவர் குடித்திருப்பது 185-ஆம் பிரிவின்படி குற்றமன்று. எனினும் குடித்தவனை ஓட்டும்படி தூண்டியவர் மீது 188-ஆம் பிரிவு பாயும், தண்டனையும் ஓட்டியவனுக்கு உள்ளதே. "ஒன்றும் ஆகாது, எடுடா வண்டியை" என்று தோளில் தட்டும் மைத்துனர்களிடம் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.