வீட்டுத் தோட்டத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு

பொங்கலை ஒட்டிய வாரங்களில் எங்கள் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவில் தவறாமல் எழும் கேள்வி, "சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிடலாமா?" என்பது. பெயரிலேயே சர்க்கரை இருப்பதால் பலர் அதனை அடியோடு விலக்கிவிடுகின்றனர். வேறு சிலர், கிழங்கு உடலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, வழக்கமான சோற்றுக்கு மேல் அதனையும் சேர்த்து உண்கின்றனர். இரண்டுமே சரியன்று. 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்தும் 3 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. கிழங்கு உண்ணும் வேளையில் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலான நீரிழிவு நோயாளிகளுக்குத் தடையில்லை. நீரில் வேகவைத்து உண்பதே நன்று. சுடும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாறுகிறது; இரத்தச் சர்க்கரையும் விரைந்து ஏறுகிறது. சுட்ட கிழங்கின் சுவையை நாங்களும் அறிவோம். ஆயினும் சொல்லாமல் இருக்க இயலாது.

உண்பதைவிட வளர்ப்பதையே நாங்கள் ஆர்வத்துடன் பரிந்துரைக்கிறோம். நடைப்பயிற்சி சலிப்பூட்டுகிறது என்போர்கூடச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நாள்தோறும் மாடிப்படி ஏறுவார்கள். இக்கொடி அதிகப் பராமரிப்பைக் கேட்பதில்லை. விதையும் வேண்டா; முற்றாத கொடியின் நுனியிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டு போதும். நிலமில்லாதோர், அடியில் துளையிட்ட பழைய அரிசிச் சாக்கில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு துண்டுகளை நடலாம். நல்ல வெயில் படவேண்டும். மண் ஈரமாக இருக்கலாம், நீர் தேங்கலாகாது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் கொடி செழிக்கும், கிழங்கு இராது. தரையில் படரும் கொடியை அவ்வப்போது தூக்கிப் புரட்டிவிட வேண்டும். இல்லையேல் கணுதோறும் வேர்விட்டு, சத்தெல்லாம் சிதறிப்போகும். புரட்டாசித் தொடக்கத்தில் நட்டால், 110 முதல் 120 நாள்களில், தைப் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம்.

இனி நோயாளிகளும் உடனிருப்போரும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. நீண்டகால நீரிழிவில் பாதங்களின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. தோட்டத்தில் மிதித்த முள்ளோ கண்ணாடித் துண்டோ வலிப்பதில்லை. மாலையில் தரையில் இரத்தக் கறையைக் கண்ட பிறகே காயம் தெரியவருகிறது. சிலருக்கு அதுவும் தெரிவதில்லை. புண்ணில் சீழ் வைத்த பிறகு மருத்துவமனைக்கு வருகின்றனர். விரலையோ பாதத்தையோ அகற்ற நேர்வது பெரும்பாலும் இத்தகைய சிறு காயத்தில் தொடங்குகிறது. ஆகவே வெறுங்காலுடன் மண்ணில் இறங்காதீர்கள். குதிகாலையும் விரல்களையும் மூடும் காலணியும் கையுறையும் அணியுங்கள். வேலை முடிந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாதவருக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டது எப்போது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மழைக்காலச் சேற்றில் வாழும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி நீரிழிவுள்ளவர்களை எளிதில் தாக்கும். மழைக்குப் பின் மண்ணைக் கிளறியவருக்குக் காய்ச்சல் தொடர்ந்தால், தோட்ட வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொண்டு, காலை உணவைத் தள்ளிப்போட்டு மண் வெட்டுவது ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே வேலையை நிறுத்திச் சர்க்கரை கலந்த நீர் அருந்த வேண்டும்.

சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்தோருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் எங்கள் அறிவுரை வேறு. இக்கிழங்கில் பொட்டாசியம் மிகுதி. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஓரளவே குறையும். வளர்த்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நீங்கள் உண்பதை மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். கொழுந்து இலைகளைக் கீரையாகச் சமைக்கலாம். ஆனால் இலையில் வைட்டமின் கே உள்ளதால், வார்ஃபரின் மாத்திரை உண்போர் முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

கொடித்துண்டு வாங்கும்போது இயன்றால் ஆரஞ்சு நிறச் சதையுள்ள வகையைத் தேடுங்கள். வெள்ளைச் சதையில் அரிதாக உள்ள பீட்டா கரோட்டின் இதில் நிறைய உண்டு. உடல் அதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க இவ்வகையைப் பரப்பிய அறிவியலாளர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா இந்நிறத்ததே. கரோட்டின் கொழுப்பில் கரைவதாதலால், வெந்த கிழங்கின்மேல் சிறிது தேங்காய்த் துருவல் தூவுவதில் பொருள் இருக்கிறது.

தோண்டிய கிழங்கில் துளைகளும் கருமையும் கசப்பும் இருந்தால் அது கூன்வண்டு தாக்கியது. வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று எண்ண வேண்டா. அதிலுள்ள நச்சு வேகவைத்தாலும் நீங்காது. மாட்டுக்கும் போடாதீர்கள். நல்ல கிழங்குகளை மட்டும் கழுவாமல், நிழலில் காற்றாடப் பரப்பி வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே கெட்டிப்படும்.