32 சதுர அடிக்கு ஒரு கணக்கு

நீளம் 4 அடி, ஆழம் 2 அடி, உயரம் 2 அடி. வளர்ந்த பால் பைத்தான் ஒன்றுக்கு இந்த அளவில் பெட்டி வேண்டும் என்பது பாம்பு வளர்ப்பவர்களிடையே பரவலான வழக்கு. முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள்: தரை 8 சதுர அடி, கூரை 8, முதுகு 8, பக்கவாட்டுப் பலகைகள் 4-ம் 4-ம். ஆக 32. கடையில் ஒரு முழு ஷீட் 8-க்கு 4, அதுவும் 32. ஒரே ஷீட்டில் வேலை முடிந்துவிடும் என்று பலரும் கிளம்புவது இந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான். ஆனால் கண்ணாடிக் கதவுக்குக் கீழே 6 அங்குலம், மேலே 3 அங்குலம் பட்டை வேண்டும். அது 3 சதுர அடி. ஷீட்டில் துளி மிச்சம் கிடையாது. அந்தப் பட்டையைத் தச்சர் பட்டறையில் கிடக்கும் ஏதோ ஒரு துண்டிலிருந்து அறுத்துப் போட்டுவிடுவார். பெட்டித் தரையில் நிரப்பும் ஈரமான கோகோபீட் நாள் முழுக்க உரசிக்கொண்டிருப்பது அந்தப் பட்டையைத்தான். எனவே 32 அல்ல, 35 சதுர அடிக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

பலகைக்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடலாம். நல்ல பாம்போ, சாரையோ, மண்ணுளியோ, நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இந்தப் பட்டியல் உயிரினங்களை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024-இல் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவுத் தாள் இல்லாதவருக்கு மேலே உள்ள 35 சதுர அடியே தண்டச் செலவு.

இனி விலை. கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் நான் கணக்கிட வசதியாக வைத்துக்கொண்ட சதுர அடி விலைகள். உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறாது. லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு 45 ரூபாய், சாதாரண எம்.ஆர். ப்ளைவுட் 65, மரைன் ப்ளைவுட் 120, மல்டிவுட் என்று கடைக்காரர்கள் சொல்லும் பி.வி.சி. ஃபோம் போர்டு 110. எல்லாம் 18 மில்லிமீட்டர். 32 சதுர அடிக்கு முறையே 1,440, 2,080, 3,840, 3,520.

பார்ட்டிகிள் போர்டு கைக்கு அடக்கமாகத் தெரியும். அதன் துகள்களை ஒட்டுவது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. எம்.ஆர். ப்ளைவுட்டிலும் அதுவே. விற்பவர் "இது இ1 சார், வாசனையே வராது" என்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் இ1 முத்திரையின் பின்னால் இருக்கும் சோதனையைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 717-1 முறையில், ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டர் பலகை வைப்பார்கள். வெப்பம் 23 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம், மணிக்கு ஒரு முறை காற்று மாறும். அந்த நிலையில் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நம் பெட்டிக்குள் இருக்கும் காற்று 16 கன அடி, அதாவது 0.45 கன மீட்டர். சுற்றியிருக்கும் பலகை 2.97 சதுர மீட்டர். வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 6.6 சதுர மீட்டர். சோதனை அறையில் வைத்ததைப் போல ஆறரை மடங்கு. மேலும் பால் பைத்தானுக்கு ஒரு மூலையில் 32 டிகிரி வேண்டும், ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் வேண்டும். வெப்பமும் ஈரமும் ஏற ஏற இந்தப் பசை ஆவியை அதிகம் விடும். காற்றில் கலக்கும் ஆவியின் அளவு ஆறரை மடங்காக நேர்கோட்டில் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் கூடத்தில் டி.வி. அலமாரிக்குப் போதுமான முத்திரை, மூடிய ஈரப்பெட்டிக்கு எந்த உறுதியும் தராது. பாம்பு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடவும் முடியாது.

சரி, மரைன் வாங்கிவிடலாம் என்று தோன்றும். பசை வகையில் அது நல்ல தேர்வுதான்: ஃபீனால் ஃபார்மால்டிஹைடு, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பிரியக் கூடாது என்பது இந்தியத் தரமான ஐ.எஸ். 710-இன் விதி. ஆனால் அதே ஐ.எஸ். 710, பலகைக்குப் பூஞ்சை, பூச்சித் தடுப்பு மருந்து ஏற்றவும் சொல்கிறது. செம்பு, குரோமியம் கலந்த உப்புகள் அந்த வகை. படகுக்கும் சமையலறைக்கும் அது வரம். போதாததற்கு நம் ஊரில் கரையான் பயம். "பசையிலேயே கரையான் மருந்து கலந்தது, 20 வருஷம் கேரண்டி" என்று விற்கும் ரகமும் உண்டு. வீட்டுக் கதவுக்குக் கேட்டு வாங்க வேண்டிய அதே குணத்தை இங்கே கேட்டுத் தவிர்க்க வேண்டும்.

மரைன்தான் வேண்டும் என்பவர் உள்பக்கம் முழுக்க அடைத்தாக வேண்டும். உள்பரப்பு 35 சதுர அடி, மூன்று பூச்சு, ஆக 105 சதுர அடி. நீரில் கரையும் பாலியூரித்தேன் ஒரு லிட்டர் ஏறக்குறைய சரியாக இருக்கும். அதற்கு 900 ரூபாய் வைத்தால் மரைன் கணக்கு 3,840-லிருந்து 4,740 ஆகிறது. பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். உள்ளே முழுக்க இறுக மூன்று வாரம் விட வேண்டும். அறுத்த விளிம்புகளில் ஒரு பூச்சுக் கூடுதல், ஏனென்றால் ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். ஷீட் விலையை மட்டும் பார்த்தவருக்கு மரைனுக்கும் ஃபோம் போர்டுக்கும் 320 ரூபாய் வித்தியாசம். பூச்சையும் சேர்த்தவருக்கு 1,220 ரூபாயும் மூன்று வாரமும்.

ஆகவே என் ஓட்டு ஃபோம் போர்டுக்கு. அதற்கும் குறை இல்லாமல் இல்லை. பி.வி.சி. 80 டிகிரியை நெருங்கும்போதே இளகும். வெப்ப விளக்கைக் கூரையில் நேராகத் திருகினால் வளைந்து தொங்கிவிடும். பீங்கான் ஹோல்டரும் இடைவெளியும் வேண்டும். இன்னொன்று, பி.வி.சி. வெப்பத்தில் சிதையாமலிருக்க ஈயச் சேர்மம் சேர்ப்பது பழைய வழக்கம். அதைக் கட்டுப்படுத்த 2021-இல் வந்த மத்திய அரசு விதி குழாய்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்கும் மட்டுமே பொருந்தும், பலகைக்கு அல்ல. "ஈயம் சேர்க்காதது" என்று எழுத்தில் தருபவரிடம் வாங்குங்கள். அறுக்கும்போது பறக்கும் தூளைப் பெட்டிக்குள் விடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முழுக் கண்ணாடிப் பெட்டி பற்றியும் கேட்பார்கள். சோதிக்கவே தேவையில்லாத பொருள், வாசனையோ ஆவியோ கிடையாது. ஆனால் 6 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. ஆறு பக்கமும் சேர்த்து 3.72 சதுர மீட்டர். பெட்டி மட்டுமே 56 கிலோ. ஃபோம் போர்டில் கண்ணாடிக் கதவோடு 38-க்குள் அடங்கும். வெளியே இருப்பதைவிட உள்ளே 10 டிகிரி கூடுதலாக வைக்கத் தோராயமாகக் கண்ணாடிக்கு 140 வாட், போர்டுக்கு 80 வாட். சென்னையில் இது பெரிய விஷயமே இல்லை. மே மாதத்தில் அங்கே கவலை பெட்டியைச் சூடாக்குவது அல்ல, ஆறவைப்பது. குன்னூரிலோ கொடைக்கானலிலோ மார்கழியில் அந்த 60 வாட் நாளொன்றுக்கு 1.4 யூனிட்.

சும்மா கிடைக்கிறதே என்று தொழிற்பேட்டைப் பக்கம் மரப் பேலட்டைத் தூக்கிவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டையின் ஓரத்தில் கோதுமைக் கதிர் படத்தோடு சுட்ட முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடானது. எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அதைத் தொடவே வேண்டாம். எச்.டி. கூட அந்தப் பேலட் எதைச் சுமந்தது, மேலே என்ன கொட்டியது என்று சொல்லாது. பிசின் மணக்கும் பைன் மரமாக இருந்தால் அந்த மணமே மூச்சுக்கு எரிச்சல். தேவதாரு அதைவிட மோசம். நமக்கு வாசனையாக இருக்கும் மரம் பாம்புப் பெட்டிக்கு ஆகாது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

செலவுச் சீட்டு இப்படி விழுகிறது:

ஃபோம் போர்டு 35 சதுர அடி – 3,850
டஃபண்ட் கண்ணாடி 5 மி.மீ., 25-க்கு 15 அங்குலத்தில் இரண்டு, 5.2 சதுர அடி – 676
கண்ணாடி நகரும் சேனல் 8 அடி – 320
சிலிக்கான் ஒரு டியூப் – 300
ஸ்டெயின்லெஸ் திருகுகள் – 250
காற்றுத் துளைக்கு ஸ்டெயின்லெஸ் வலை – 200
தச்சர் கூலி – 1,200
80 வாட் செராமிக் ஹீட்டர், ஹோல்டர், கம்பிக்கூண்டு – 1,450
தெர்மோஸ்டாட் – 1,500
கோகோபீட் 5 கிலோ கட்டி – 200

மொத்தம் 9,946 ரூபாய். இதில் பேரம் பேசக் கூடாத வரி தெர்மோஸ்டாட். அது இல்லாத ஹீட்டருக்கு 32 டிகிரி என்றால் என்னவென்றே தெரியாது. டஃபண்ட் கண்ணாடியில் விரல் பிடிக்கும் துளை வேண்டுமானால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதப்படுத்திய பிறகு துளைத்தால் பொடிப்பொடியாக உதிரும்.

300 ரூபாய் சிலிக்கானில்தான் அதிகம் தவறு நடக்கிறது. உள்மூலைகள் சுமார் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். 6 மில்லிமீட்டர் முக்கோணமாக இழுத்தால் 132 மில்லிலிட்டர். 280 மில்லி டியூப்பில் பாதிக்கு மேல் மிஞ்சும். எனவே மலிவு பார்த்து மிச்சப்படுத்த இங்கே ஒன்றுமே இல்லை. குளியலறைக்கு விற்கும் "ஆன்டி ஃபங்கல்" வகையில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அதைத் தவிருங்கள். மீன்தொட்டிக்கான சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டும் டேப் மட்டும் எங்கும் உள்ளே வரவே கூடாது. செதிலில் ஒட்டினால் பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

கோகோபீட்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை; பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து கப்பல் கப்பலாகப் போவது அதுதான். 8 சதுர அடித் தரையில் 3 அங்குலம் நிரப்ப 57 லிட்டர் வேண்டும். 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறி 70 லிட்டருக்கு உப்பும். ஒரே கட்டி போதும். ஆனால் தேங்காய் மட்டையில் உப்பு உண்டு, கழுவிய "லோ இ.சி." ரகமாகக் கேளுங்கள். ஊறிய கட்டி 20 லிட்டர் தண்ணீரைக் குடித்து 25 கிலோவாகிவிடும். ஃபோம் போர்டுத் தரை 4 அடி நீளத்துக்குத் தாங்கு இல்லாமல் அந்த எடையைப் பொறுக்காது, நடுவில் தொய்யும். அடியில் இரண்டு ரீப்பர் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு இன்னொரு 150 ரூபாய். சீட்டு 10,000-ஐத் தாண்டுவது அங்கேதான்.

பெட்டி முடிந்ததும் பாம்பை விடாதீர்கள். சிலிக்கான் ஈரக்காற்றில் நாளுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இறுகும். 6 மில்லிமீட்டருக்கு மூன்று நாள், பத்திரத்துக்கு ஒரு வாரம் என்று விடுங்கள். பிறகு கோகோபீட் நிரப்பி, ஹீட்டரை 32 டிகிரிக்கு வைத்து, கதவைச் சாத்தி இரண்டு நாள் ஓட விடுங்கள். மூன்றாம் நாள் கண்ணாடியை நகர்த்தியதும் மூக்கை உள்ளே நீட்டிப் பாருங்கள். ஈரத் தேங்காய் நாரின் வாசம் வரலாம். வினிகர் நெடியோ பெயிண்ட் நெடியோ வந்தால், கதவைத் திறந்து போட்டு இன்னொரு வாரம்.