வெயில் பொழுதில் விரல்களுக்கு வேலை

சித்திரை பிறந்தால் கூடலூரில் உச்சிவெயில் ஆளை வெளியே விடாது. இருபுறமும் மலை நின்றாலும் கம்பம் பள்ளத்தாக்கின் தரை காயத்தான் செய்கிறது. வாசலுக்குப் போக முடியாமல் சிணுங்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் செல்போன் ஏறுவது அப்போதுதான். அந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மாற்று வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

அகலமான சட்டியில் குடிதண்ணீர், இரண்டு டம்ளர், ஓர் அகப்பை. நிழலான திண்ணையில் வைத்தால் போதும். குழந்தை மொண்டு ஊற்றும், சிந்தும், மறுபடி மொள்ளும். தண்ணீர் விரலில் படும் அழுத்தத்தை நரம்பு நுனியில் உள்ள ஒரு புரதம் உணர்கிறது. குளிர்ச்சியை வேறொரு புரதம் உணர்கிறது. இத்தகைய உணர்விகளைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அந்த உணர்வுகளைச் சுமந்து செல்லும் மூளை இணைப்புகள் வலுப்படுகின்றன.

உடலுக்கும் இதில் நன்மை உண்டு. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. அதனால் வெப்பம் சீக்கிரம் ஏறிவிடும். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பத்தைப்போல 5 மடங்குக்கும் மேல், அது ஆவியாகத் தேவை. நனைந்த கைகால்களில் காற்று படும்போது அந்த வெப்பத்தின் பெரும்பகுதி தோலிலிருந்தே போகிறது.

அடுத்து, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பன்னீர் திராட்சை. நன்றாகக் கழுவி, விதை நீக்கி, நீளவாக்கில் நான்காக நறுக்கித் தட்டில் போடுங்கள். வழுக்கும் தோல், பிசுபிசுக்கும் சாறு, மணம், புளிப்பு கலந்த இனிப்பு என எல்லாப் புலன்களும் விழித்துக்கொள்ளும். முழுத் திராட்சை மட்டும் கூடாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

புலன்வழிக் கல்வியை உலகெங்கும் பரப்பிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது இன்றும் மாண்டிசோரி வகுப்புகளின் தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று.

வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலும் குழந்தைக்கு ஆபத்துதான். எனவே கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். ஆட்டம் முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். காலை 11 மணி முதல் மாலை 3 மணி வரை வெயிலில் விடாதீர்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், அதற்காகக் குழந்தையின் விளையாட்டைத் தடுக்காதீர்கள்.