பார்வை மங்கலாக இருக்கிறதா? கண்புரையா, பழைய கண்ணாடியா?

“போன வருஷம்தான் கண்ணாடி மாற்றினேன். இப்போதும் பேருந்து எண் பக்கத்தில் வந்தால்தான் தெரிகிறது.” மூத்தோர் பலர் இப்படிச் சொல்லிவிட்டு, வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். மங்கலான பார்வையால் படிக்கட்டில் தடுக்கி விழலாம். மருந்து உறையில் உள்ள அளவைத் தவறாகப் படிக்கலாம். காரணம் தெரிந்தால் பெரும்பாலும் சரிசெய்ய முடியும்.

கண்ணாடியின் பவர் மாறியிருந்தால்
• குறிப்பிட்ட தூரத்தில் மட்டும் மங்கலாகத் தெரியும். செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்தால் தெளிவாகும்.
• கண்களைச் சுருக்கிப் பார்த்தால் சற்றுத் தெளிவாகும்.
• நெடுநேரம் படித்தால் தலை வலிக்கும், கண் களைப்படையும்.
• நிறங்கள் வழக்கம்போலவே தெரியும்.

கண்புரையாக இருந்தால்
கண்ணுக்குள் இருக்கும் வில்லை மெல்ல மெல்லத் தெளிவை இழப்பதே கண்புரை. அதில் வலி இருக்காது.
• எல்லாத் தூரத்திலும் பனிமூட்டம் போலத் தெரியும். கண்ணாடியைத் துடைத்தாலும் போகாது.
• இரவில் எதிரே வரும் கார் விளக்குகள் கூசும். விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும்.
• வெள்ளைத் துணி மஞ்சளாகத் தெரியும்; நிறங்கள் மங்கும்.
• முன்பைவிட அதிக வெளிச்சம் தேவைப்படும்.
• கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும்.

சிலருக்குப் படிக்கும் கண்ணாடி இல்லாமலே திடீரெனப் படிக்க முடியும். பார்வை திரும்பிவிட்டது என்று மகிழவேண்டாம். கண்புரையால் வில்லை அடர்த்தியாகி, கிட்டப்பார்வை கூடுவதாலும் இப்படி நேரும்.

வீட்டில் செய்து பார்க்கலாம்
1. கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொள்ளுங்கள். கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. ஒரு கண்ணைக் கையால் மூடி, மறு கண்ணால் சுவர் நாட்காட்டியைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடக்கூடும்.
3. தடித்த அட்டையில் ஊசியால் சிறு துளையிட்டு, அதன் வழியே பாருங்கள். எழுத்து தெளிவானால், கண்ணாடியின் பவர் பொருந்தாமல் இருக்கலாம். தெளிவாகாவிட்டால், கண்புரையோ வேறு கண்நோயோ இருக்கலாம்.

இது ஒரு குறிப்பு மட்டுமே. இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருக்கலாம். கண் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க
இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு புதுக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரலாம், விழித்திரையும் பாதிக்கப்படலாம். பார்வை நன்றாக இருந்தாலும் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

எங்கே செல்வது?
முதலில் கண்ணாடிக் கடையில் உள்ள பதிவுபெற்ற கண் பரிசோதகரிடமோ, உங்கள் குடும்ப மருத்துவரிடமோ, பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். கண்புரை என்று தெரிந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புவார்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையுடன் சென்றால், சிங்கப்பூரர்கள் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெறலாம்.

சொட்டு மருந்தால் கண்புரை கரையாது. அறுவை சிகிச்சையில் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லையைப் பொருத்துவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். புரை “முற்றட்டும்” என்று காத்திருக்கத் தேவையில்லை. படிப்பது, சமைப்பது, வெளியே செல்வது சிரமமானால் மருத்துவரிடம் பேசுங்கள். ஆரம்ப நிலையில் கண்ணாடியை மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். செலவை எண்ணித் தயங்கவேண்டாம். உங்கள் மெடிசேவ் பணத்தையோ பிள்ளைகளின் மெடிசேவ் பணத்தையோ குறிப்பிட்ட வரம்புக்குள் பயன்படுத்தலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்
• பார்வை திடீரெனக் குறைந்தால்
• மின்னல் போன்ற ஒளி, புதிய கரும்புள்ளிகள், அல்லது திரை விழுந்ததுபோல் தெரிந்தால்
• கண் சிவந்து, கடுமையாக வலித்து, குமட்டலும் இருந்தால்

இவை பொதுவாகக் கண்ணாடியாலோ சாதாரணக் கண்புரையாலோ வருபவை அல்ல. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வீட்டில் உள்ள மூத்தோரிடம் இன்றே கேளுங்கள்: “இரண்டு கண்ணும் ஒரே மாதிரி தெரிகிறதா?”