எழுபது நாள் நம்பிக்கை

"எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்று சொல்வது சுலபம். கஷ்டத்தில் இருப்பவர் காதில் அது ஏறாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் நூறு தென்னை. என் மாமனார் கையால் வைத்தவை. பிள்ளைகள் படிப்பு, நல்லது கெட்டது எல்லாம் அந்தத் தேங்காய்க் காசில்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பொழுது விடிந்து தோப்புக்குப் போய்ப் பார்த்தால், நின்றது ஏழே மரம்!

என்னவர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். திண்ணையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. "போனது போகட்டுங்க, தைரியமா இருங்க" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள், "தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எதைத் திங்கிறது?" என்று கத்திவிட்டார். என் ஆறுதல் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றோடு புத்திமதியை நிறுத்தினேன். வேளைக்குச் சூடாகக் கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். அவரைத் தனியாக விடவில்லை. இரண்டு வாரமாகியும் தூக்கம் வராததால் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதில்லையா, அதுபோலத்தானே இதுவும்!

விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே இரண்டு மாசம் ஆனது. தை பிறந்ததும் மாமியார்தான் வழி சொன்னார்: "ஏம்ப்பா, தென்னம்பிள்ளை தலையெடுக்கிற வரைக்கும் நடுவுல உளுந்து போடேன். எழுபது நாள்ல கையில காசு!"

இருபத்தைந்து அடிக்கு ஒரு கன்று வைத்தோம். இடையில் மாசியில் உளுந்து விதைத்தோம். சித்திரையில் அறுத்தபோது பெரிய லாபம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி அவர், "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார். ஐந்து மாசம் கழித்துக் கேட்ட வார்த்தை! அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டேன்.

பிறகு நிலக்கடலை, மறுபடி உளுந்து என்று காலம் ஓடியது. 2025ல் எங்கள் கன்றுகளில் முதல் பாளை வெடித்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் புயல் வேறு ரூபத்தில் வரலாம். வேலை போகலாம், கடன் நெருக்கலாம். ஆறு வருஷ நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு யாராலும் இருக்க முடியாது. பக்கத்திலேயே எழுபது நாளில் பலன் தரும் ஒன்றையும் விதைத்துவிடுங்கள். அது நாலு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதாக இருக்கலாம். வடகம் போட்டு விற்பதாகவும் இருக்கலாம். மனசு ரொம்பத் தளர்ந்துவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள். மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

தேங்காய் காய்க்கும்போது காய்க்கட்டும். இன்றைக்கு உளுந்துக்குத் தண்ணீர் விடுவோம்!