தாத்தாவின் துப்பாக்கி பேரனுக்குச் சொந்தமா? பழைய ராணுவ ரைபிளும் வாரிசு உரிமமும் - ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: வீடும் நிலமும் வாரிசுக்குச் சேர்வதைப்போல, வீட்டில் உள்ள துப்பாக்கியும் தானாகவே வந்து சேரும் என்பது பலரிடம் நிலவும் கருத்து. ஆனால், சட்டம் அவ்வாறு கூறவில்லை. கேரளத்தில், தமிழக எல்லைக்கு அருகே உள்ள ஆரியங்கோடு போன்ற கிராமங்களில், உரிமம் பெற்ற முதியவர் காலமானால், அவரது துப்பாக்கியை என்ன செய்வது என்பது குடும்பத்தினர் உடனடியாக அறிய வேண்டிய ஒன்றாகும்.

'303' ரைபிளின் வரலாறு

'திரீ நாட் திரீ' என மக்கள் அழைக்கும் லீ-என்ஃபீல்டு ரைபிள், இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் முதன்மை ஆயுதமாக இருந்தது. குழல் துளையின் அளவான 0.303 அங்குலமே அதன் பெயரானது. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் இந்த ரைபிள், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரிக்கப்பட்டது. 1962-இல் சீனாவுடனான போரிலும் இந்திய வீரர்கள் இதனையே ஏந்தினர். ராணுவம் கைவிட்ட பின்னரும் காவல்துறையில் நீடித்த இந்த ரைபிளுக்கு, உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்புடன் விடைகொடுத்தது.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் ராணுவத்துக்கு மிகையான இத்தகைய ரைபிள்கள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இந்தியாவில் நிலைமை வேறு. ராணுவத் தோட்டாவைச் சுடவல்ல 303 ரைபிள், தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. மத்திய அரசின் சிறப்பு அனுமதியின்றித் தனிநபர் அதனை வைத்திருக்க இயலாது. பொதுமக்களுக்கென இஷாப்பூரில் தயாரிக்கப்படும் 0.315 அங்குல ரைபிள், தோற்றத்திலும் இயக்கத்திலும் லீ-என்ஃபீல்டை ஒத்தது. ஆனால், அதன் தோட்டா வேறு. எனவே, பரணில் கிடைத்த ரைபிள் எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்வது அவசியம்.

வாரிசு செய்ய வேண்டியது என்ன?

உரிமம் என்பது தனிநபருக்கு வழங்கப்படுவது. அவரது மறைவுக்குப் பின் அது வாரிசின் உரிமமாக மாறாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி, சட்டபூர்வ உரிமை இல்லாத துப்பாக்கியைத் தேவையற்ற தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பின்னர், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்கீழ் வாரிசு தன் பெயரில் உரிமம் கோரலாம். உரிமையாளர் 70 வயதை எட்டியிருந்தாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாழும் காலத்திலேயே வாரிசைப் பரிந்துரைக்கவும் வழியுண்டு.

2019-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரு துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்கலாம்; அதற்கு முன் இந்த வரம்பு மூன்றாக இருந்தது. பரம்பரையாக வந்த துப்பாக்கிக்கும் புதிய வரம்பு பொருந்தும். பழுது பார்த்தாலும் சுட இயலாத, வழக்கொழிந்த ஆயுதங்களுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால், துருப்பிடித்த ஒரே காரணத்தால் துப்பாக்கி அந்த வகையில் சேர்ந்துவிடாது.

தண்டனை

தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால், 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நினைவுப் பொருளாக வைத்திருந்தேன் என்ற விளக்கம் உரிமத்துக்கு மாற்றாகாது.

பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரத்தை, கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. அப்பணிக்கும் உரிமம் உள்ள துப்பாக்கியே தேவை. மூதாதையர் விட்டுச்சென்ற ரைபிள் அவர்களது நினைவாக இருக்கலாம். ஆனால், வாரிசின் பெயரில் உரிமம் கிடைக்கும் வரை அது இருக்க வேண்டிய இடம் வீடு அல்ல.